மறு: படகுப் பந்தயத்தில் ‘ஸ்டாக் கிளாஸ்’, தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

எஞ்சின் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலேயே இருக்க வேண்டும் என்று விதிக்கும் பந்தயப் பிரிவைத்தான் ‘ஸ்டாக் கிளாஸ்’ என்கிறார்கள். இந்த இழையில் ‘ஸ்டாக்’ என்பதற்கு இதுவரை இருப்பு, அசல், கைபடா, சமபொறி என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ‘இருப்பு’ கடைச் சரக்குக்கான சொல், அதை விட்டுவிடலாம். மற்றவற்றில் எது பொருந்தும் என்று பார்க்க, பந்தயக் கரையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சொல்லை மட்டும் உரசிக்கொண்டிருந்தால் முடிவுக்கு வர முடியாது.

1903-இல் தொடங்கிய அமெரிக்கன் பவர் போட் அசோசியேஷன் நடத்தும் பந்தயங்களில் ‘ஸ்டாக் அவுட்போர்டு’ என்று ஒரு பெரும் வகை இருக்கிறது. அவுட்போர்டு என்பது படகின் பின்புறம் வெளியே பொருத்தும் எஞ்சின். அந்த வகைக்குள் எஞ்சினையும் படகின் உடலையும் பொறுத்துப் பல பிரிவுகள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஓட்டும் பிரிவுகூட உண்டு. ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு வேறு வேலை பார்ப்பவர்கள். சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு படகை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள். எஞ்சினைத் திருத்தப் பணம் கொட்ட முடிந்தவரே ஜெயிப்பார் என்றாகிவிட்டால் இவர்கள் அடுத்த பருவம் வரமாட்டார்கள். ஸ்டாக் பிரிவு நிற்பது அதைத் தடுக்கத்தான்.

எப்படித் தடுக்கிறார்கள்? பந்தயம் முடிந்ததும் முன்னணியில் வந்த படகைத் தூக்கி, ஓட்டுநரோடு சேர்த்து எடை போடுகிறார்கள். பிரிவுக்கென்று வைத்த குறைந்தபட்ச எடைக்குக் கீழே இருந்தால் அந்த வெற்றி செல்லாது. அதனால் ஒல்லியானவர்கள் படகில் ஈயம் வைத்துக்கொள்வார்கள். அப்புறம் எஞ்சினைப் பிரிக்கிறார்கள். சிலிண்டர் துளைகள் எந்த உயரத்தில் இருக்கின்றன, எரியறையின் கொள்ளளவு எவ்வளவு என்றெல்லாம் அளக்கிறார்கள். எரிபொருளிலும் சோதனை உண்டு. எல்லாம் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்குள், அந்த அளவுக்கு விதி அனுமதிக்கும் ஏற்ற இறக்கத்துக்குள் இருக்க வேண்டும்.

இங்கேதான் ‘கைபடா’ எனக்கு இடிக்கிறது. கேட்க இனிய சொல், நம் மெக்கானிக்குகளும் ‘எஞ்சின்ல கை வைக்கல’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டாக் பிரிவில் கை வைக்காத எஞ்சினே கிடையாது. எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்து, அனுமதிக்கப்பட்ட இடைவெளிக்குள் சிறந்த அளவு எதுவோ அதற்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டுவது விதிக்கு உட்பட்ட வேலை. பல பிரிவுகளில் ப்ரொப்பல்லரைத் தட்டிச் சீர்செய்துகொள்ளவும் இடமுண்டு. ‘கைபடா’ என்று பெயர் வைத்தால் நேர்மையாகப் போட்டியிடுகிறவரைக்கூட வாசகர் சந்தேகப்படுவார்.

‘அசல்’ என்றால் எதிரே ‘போலி’ வந்து நிற்கிறது. துளையை அகலப்படுத்திய எஞ்சின் போலி எஞ்சின் அல்ல. அதற்கென்று ‘மாடிஃபைடு’ (மாற்றியமைத்தது) என்ற வேறு வகையே இருக்கிறது, அங்கே அது முறையான போட்டியாளர்.

‘சமபொறி’யை நான் இன்னும் வலுவாக மறுக்கிறேன். ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வந்த இரண்டு எஞ்சின்கள்கூடச் சமமாக ஓடா. ஜப்பானின் போட் ரேஸ் இதற்கு நல்ல சான்று. அது தொழில்முறைப் பந்தயம், பந்தயப் பணமும் புரள்வது. ஆனாலும் பிரிவு விதி எழுதுகிற யாரும் அதைப் பார்க்காமல் போகக் கூடாது. 1952-இல் ஒமுரா நகரில் தொடங்கியது. எல்லாம் யமாட்டோ எஞ்சின்கள், பந்தயத் திடலுக்கே சொந்தமானவை, ஓட்டுநருக்குக் குலுக்கலில் ஒதுக்கப்படுபவை. முன்பு ஓட்டுநர்கள் சொந்த ப்ரொப்பல்லர் கொண்டுவந்தார்கள், 2012-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு எஞ்சினும் எத்தனை முறை முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தது என்ற விகிதத்தை வெளியிடுகிறார்கள். ஏனென்றால் வேறுபாடு இருக்கிறது. குலுக்கல் அந்த வேறுபாட்டை அழிக்கவில்லை, எல்லோருக்கும் பொதுவான வாய்ப்பாக ஆக்குகிறது. எடையிலும் அவர்கள் வழி தனி. ஆண்களும் பெண்களும் ஒரே பந்தயத்தில் ஓடுகிறார்கள், ஓட்டுநரின் குறைந்தபட்ச எடை ஆண்களுக்கு 52 கிலோ, பெண்களுக்கு 47 கிலோ. 2022-இல் அதே ஒமுராவில் ஓட்டுநர் எண்டோ எமி மிக உயர்ந்த தரப் பட்டத்தை வென்ற முதல் பெண் ஆனார்.

ஆகவே என் முன்மொழிவு: ஆலையளவுப் பிரிவு. எஞ்சினைத் தொட்டார்களா இல்லையா என்பதை இந்தச் சொல் கேட்கவில்லை, முடிவில் அது ஆலையின் அளவில் இருக்கிறதா என்று கேட்கிறது. பரிசோதகர் கையிலிருக்கும் அளவுகோலும் அதைத்தான் கேட்கிறது. ‘ஆலை’ என்றதும் கரும்பும் பஞ்சும் நினைவுக்கு வரும் என்று சிலர் சொல்லக்கூடும். சேலம் உருக்காலை என்று பல காலமாக எழுதிவருகிறோம், எஞ்சினுக்கும் அது பொருந்தும். இதையொட்டி ஓட்டுநரும் படகும் சேர்ந்த எடைக்குக் கூட்டெடை என்றும், பந்தயத்துக்குப் பின் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பதற்குப் பிரித்தாய்வு என்றும் வைக்கலாம்.

‘கிளாஸ்’ என்பதற்கு ‘வகுப்பு’ வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து, தூரத்தையும் அதற்கேற்ப மாற்றி ஓட்டுகிறார்கள். அங்கே எல்லோர் வாயிலும் இருப்பது ‘பிரிவு’. இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் நடக்கும் படகு வேகச் சாதனை வாரத்தை நினைத்துப் பார்த்தால் இந்தச் சொல்லின் கனம் புரியும். அங்கே பக்கத்தில் போட்டிப் படகு இல்லை. அளந்து வைத்த தூரத்தை இரு திசையிலும் ஓட்டி, சராசரி வேகத்தைக் கணக்கெடுக்கிறார்கள். பிரிவு எங்கே முடிகிறது என்ற கோடுதான் அங்கே எதிராளி. அந்தக் கோடு தப்பாக விழுந்தால் சாதனைக்கே அர்த்தமில்லை.

‘பவர்போட்’டுக்கு விசைப்படகு என்று எழுதுவதையும் கைவிடச் சொல்வேன். நம் கரையில் அது இழுவலைப் படகுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட பெயர். விசைப்படகுப் போட்டி என்றால் மீனவர் பிரச்சினையைப் பற்றிய செய்தி என்றே படிப்பார்கள். வேகப்படகு போதும். அவுட்போர்டு எஞ்சினுக்கு மீன்வளத் துறையின் ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

விதி எழுதும் முறையிலும் இரண்டு உண்டு. தடுத்தவை தவிர எதுவும் செய்யலாம் என்பது ஒன்று. அனுமதித்தவை தவிர எதுவும் செய்யக் கூடாது என்பது மற்றொன்று. முன்னதைத் தடைவிதி, பின்னதை இசைவுவிதி என்று குறிக்கலாமா? ஆலையளவுப் பிரிவு இசைவுவிதியில்தான் உயிர்வாழும். தடைவிதி என்றால் ஒவ்வொரு பருவமும் புதிய ஓட்டை கண்டுபிடிக்கப்படும், அதை முதலில் பயன்படுத்துகிறவர் பணம் உள்ளவராகத்தான் இருப்பார்.

படகின் உடலுக்கான சொற்கள் பாக்கி. அடியின் பின்பகுதி நீரில் படிந்து ஓடும் ‘ரன்அபவுட்’, முன்னே இரு பக்க மிதவைகளும் பின்னே ப்ரொப்பல்லரும் மட்டும் நீரைத் தொட்டபடி பறக்கும் ‘ஹைட்ரோ’, இரண்டும் ஒரே எஞ்சினோடு தனித்தனிப் பிரிவாக ஓடுகின்றன. நாகை, குமரி பக்கம் ஃபைபர் படகு கட்டுகிறவர்களோடு பழக்கமுள்ளவர்கள், அடிப்பகுதியின் வடிவங்களுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு இந்த இழையில் இடுங்கள். அவை கிடைக்கும்வரை இந்த இரண்டுக்கும் நான் சொல் முன்மொழியப் போவதில்லை.