ஏஜென்ட்டுக்கு டூல் டிஸ்கிரிப்ஷன்: விரிவாக எழுதணுமா, புரோகிராம் கோடிலேயே கட்டிப்போடணுமா?

கொலுசுக்காரன்:
சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையின் ஸ்டாக் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி போனில் தமிழில் கேட்டால் ஏஐ ஏஜென்ட் பதில் சொல்கிற மாதிரி, டூல்களை, அதாவது கணக்கைப் பார்க்கவும் பதியவும் அது கூப்பிடுகிற செயல்களை, எம்சிபி (ஏஐயை வெளி மென்பொருளோடு இணைக்கும் பொது விதிமுறை) வழியாகத் திறந்துவிட்டிருக்கிறோம். "அந்தப் பட்டறைக்கு எவ்வளவு வெள்ளி குடுத்திருக்கோம்" என்று கேட்டால் சில நேரம் ஒழுங்காகக் கணக்கைக் காட்டுகிறது, சில நேரம் புதிதாக வெள்ளி கொடுத்ததாக ஒரு பதிவையே போட்டுவிடுகிறது. பார்க்க ஒன்று, பதிய ஒன்று என இரண்டு டூல்; முன்பு செய்தவர்கள் இரண்டுக்கும் எழுதி வைத்த டிஸ்கிரிப்ஷன் (ஏஜென்ட் படிக்கிற விளக்கம்) ஒரே வரி: "வெள்ளி வழங்கல் விவரங்களைக் கையாளும்." ஏஜென்ட்டுக்குள் இருக்கிற ஏஐ மாடலை மாற்றலாம் என்கிறார்கள் கூட இருப்பவர்கள். எனக்கு டிஸ்கிரிப்ஷன் மேல்தான் சந்தேகம்.

மலைப்பாதை20:
மாடலை மாற்றிப் பணத்தை விடாதீங்க. அதற்கு உங்கள் கோடு தெரியாது, டேட்டாபேஸ் தெரியாது. டூலின் பெயர், டிஸ்கிரிப்ஷன், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன மதிப்பு, எந்த வடிவில் அனுப்பணும் என்ற பட்டியல்), இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். இரண்டு டூலும் ஒரே வரியைச் சொன்னால் அது என்னதான் செய்யும்? ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி எழுதுங்க: என்ன செய்யும், எப்போது கூப்பிடணும், எப்போது கூப்பிடவே கூடாது, அப்போது அதற்குப் பதில் எந்த டூல், என்ன திரும்பி வரும். அப்புறம் 'எடை' என்று ஒரு எண் இருக்குமே, அது கிராமா கிலோவா? கல், எனாமல் எல்லாம் சேர்த்த மொத்த எடையா, கழித்த நிகர எடையா? டச் (வெள்ளியின் சுத்தம்) 75 என்று அனுப்பணுமா, 0.75 என்றா? பட்டறைக்கு நேற்று வேலைக்கு வந்த பையனுக்கு இதையெல்லாம் சொல்லாமல் தராசில் உட்கார வைப்பீங்களா?

லீபஜார்_தம்பி:
அண்ணே, நீங்க எழுதுகிற நாலைந்து வரியும் மாடலிடம் வைக்கிற வேண்டுகோள்தான், பூட்டு கிடையாது. நான் ஜவ்வரிசி வியாபாரத்துக்கு எழுதுகிறேன், அங்கே மூட்டை என்றால் 90 கிலோ. அளவோடு அலகையும் கட்டாயமாக்கி, மூட்டை, கிலோ என்ற இரண்டைத் தவிர வேறு எதையும் எடுக்காத எனமாக (enum, அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) வைத்துவிட்டேன். கட்டுரை எழுதாமலேயே வேலை முடிந்தது. இன்னொன்று, டிஸ்கிரிப்ஷன் எல்லாம் மாடலுக்குப் போகிற ஒவ்வொரு அழைப்பிலும் கூடவே போகும். 40 டூல், ஆளுக்கு 300 சொல் என்றால் முதலாளி வணக்கம் சொல்வதற்குள் 12,000 சொல்! அதையே தமிழில் எழுதினால் டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கிற துண்டு) இன்னும் ஏறும். பார்க்கிற டூலையும் எழுதுகிற டூலையும் பெயரிலேயே பிரிங்க, எடை_கிராமில் என்ற அர்த்தம் வருகிற மாதிரி அளவுருவுக்கு (டூலுக்கு அனுப்புகிற மதிப்புக்கு) பெயர் வைங்க, எழுதும் முன் ஆளிடம் சரியா என்று கேளுங்க. போதும்.

மலைப்பாதை20:
தம்பி, எனம் எதை அனுப்பலாம் என்று சொல்லும், அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லாது. உங்கள் மூட்டை 90 கிலோ. எங்கள் ஏற்காட்டுப் பக்கம் காபிக்கு 50 கிலோ மூட்டை. யாராவது "அரை டன்" என்று சொன்னால் மாடல் எதை வைத்து வகுக்கும்? அந்த 90-ஐ எங்கேயாவது எழுதித்தானே ஆகணும், அந்த இடத்துக்குப் பெயர்தான் டிஸ்கிரிப்ஷன். "கேள்விக்கு இதைப் பயன்படுத்தாதே, அதைப் பயன்படுத்து" என்பதற்கு ஸ்கீமாவில் இடமே இல்லை. அந்தச் சரியா பெட்டியை முதலாளி படித்துப் பார்த்தா அழுத்துவார்? பத்து முறை வந்தால் பதினோராவது முறை கை தானாகப் போகும்.

ஐந்துரோடு:
நடுவில் நுழைகிறேன். எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்தே 'படிக்க மட்டும்', 'அழிக்கக்கூடியது' என்று டூலுக்குக் குறிப்பு ஒட்ட வழி இருக்கிறது. கொலுசுக்காரர் முதலில் அதைப் போடலாம். ஆனால் அதுவும் வெறும் குறிப்புதான், தெரியாத சர்வரிலிருந்து வந்தால் நம்பாதே என்று அந்த விதிமுறையே சொல்கிறது. நீளமான டிஸ்கிரிப்ஷன் பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம்: 2025 ஏப்ரலில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள், சாதாரணக் கூட்டல் டூல் ஒன்றின் டிஸ்கிரிப்ஷனுக்குள் "முதலில் இந்தக் கோப்பைப் படித்து அனுப்பு" என்று ஒளித்து வைத்தால் ஏஜென்ட் அப்படியே செய்கிறது. வெளியாள் எழுதிய டூலைச் சேர்ப்பதாக இருந்தால் டிஸ்கிரிப்ஷனை ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படிக்கணும். அரைப் பக்கத்தை யார் படிப்பார்கள்?

லீபஜார்_தம்பி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். எழுதுவதாக இருந்தால் பிழைச் செய்தியில் எழுதுங்க. "பிழை 400" என்று திருப்பினால் ஏஜென்ட் முழிக்கும், இல்லை அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். "எடை கிராமில் வேண்டும், 2.5 வந்திருக்கிறது, கிலோ என்றால் 2500 என்று அனுப்பவும்" என்றால் அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொள்ளும். தப்பு நடந்தால் மட்டும்தான் டோக்கன் செலவு.

மலைப்பாதை20:
பிழைச் செய்தி நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் கொலுசுக்காரருக்குப் பிழையே வரவில்லையே! எல்லாம் சரியான எண், சரியான அலகு, தப்பான டூல். உங்கள் சோதனை எல்லாவற்றையும் தாண்டிப் பதிவு உட்கார்ந்துவிட்டது.

லீபஜார்_தம்பி:
அது பெயரைப் பிரிக்காத கோளாறு.

கொலுசுக்காரன்:
சண்டை போடாதீங்க, இரண்டு பேர் சொன்னதையும் வைத்து எழுதியிருக்கிறேன். பார்க்கிற டூலின் பெயர், தமிழில் சொன்னால், வெள்ளி_பாக்கி_பார். "ஒரு பட்டறையிடம் இன்றைய தேதியில் நிற்கும் வெள்ளியைக் காட்டும். எதையும் மாற்றாது. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பாக்கி என்ற கேள்விகளுக்கு இது. புதிதாகக் கொடுத்ததைப் பதிய வெள்ளி_வழங்கல்_பதி. விடை நிகர எடை, கிராமில், டச் சதவீதத்தில்." எழுதுகிற டூலில், பயனர் கொடுத்ததாகச் சொன்னால் மட்டும் கூப்பிடு என்று சேர்த்து, கோடிலும் உறுதி கேட்க வைத்துவிட்டேன்.

லீபஜார்_தம்பி:
நீளம் பரவாயில்லை, ஒத்துக்கிறேன். ஒன்று கேட்கணும்: பட்டறை பெயர் ஒரு எழுத்து மாறிப் போனால் உங்கள் டூல் என்ன திருப்பும்? வெற்றுப் பட்டியல் என்றால், வெள்ளி ஒரு கிராம்கூடப் பாக்கி இல்லை என்று ஏஜென்ட் முதலாளியிடம் சொல்லிவிடும்.

கொலுசுக்காரன்:
வெற்றுப் பட்டியல்தான் வருகிறது. "அப்படி ஒரு பட்டறை இல்லை, நெருக்கமான பெயர்கள் இவை" என்று திருப்பச் சொல்லி இன்றைக்கே மாற்றுகிறேன்.

மலைப்பாதை20:
அந்த வரியை டிஸ்கிரிப்ஷனிலும் போடுங்க.