நியாயாதிபதிகள் காலத்து சூப்பர் ஹீரோ: சம்காரை வைத்துப் படக்கதை எழுதலாமா?

சண்டேஸ்கூல்_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். மே மாத வி.பி.எஸ்.சுக்காக (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஒரு படக்கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். என் வகுப்பில் இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகள். பறக்கிற ஆள், சுவர் ஏறுகிற ஆள், இரும்புச் சட்டை போட்ட ஆள் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வேதாகமக் காலத்தில் ஒரு சூப்பர் ஹீரோ கதை நடந்தால் யாரை வைக்கலாம் என்று கேட்டேன். ஒரே குரலில் "சிம்சோன்" என்றார்கள். எனக்கோ சம்கார்மேல்தான் மனசு.

சம்காருக்கென்று இருப்பது ஒரே ஒரு வசனம், வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் 3:31. ஆனாத்தின் குமாரன், இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தரில் அறுநூறு பேரை ஒரு தாற்றுக்கோலால் (மாடு ஓட்டுகிற கோல்) முறிய அடித்தான், அவனும் இஸ்ரவேலை இரட்சித்தான். அவ்வளவுதான். ஊர் பெயர் இல்லை, கோத்திரம் இல்லை, எத்தனை வருஷம் நியாயம் விசாரித்தான் என்ற கணக்கும் இல்லை. அப்புறம் அதே புத்தகத்தில், தெபொராள் தீர்க்கதரிசியின் பாட்டில் ஒருதரம் தலைகாட்டுகிறான். சம்காரின் நாட்களில் பெரும்பாதைகள் பாழாய்க் கிடந்தன, வழிநடக்கிறவர்கள் பக்கவழியாய் நடந்தார்கள் என்று 5:6 சொல்கிறது. அந்த ஒரு வரியில் எனக்குக் கதையின் ஊரே தெரிகிறது. கழுதைமேல் கோதுமை ஏற்றி வருகிறவன் பெரிய சாலையைக் கண்டதும் இறங்கி, முட்செடிக்குள் குனிந்து போகிறான். பிள்ளை அழுதுவிடக் கூடாதே என்று தாய் அதன் வாயைப் பொத்திக்கொண்டு போகிறாள்.

இன்னொன்று. அந்தப் புத்தகத்து ஆட்கள் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். சிம்சோனுக்குக் கழுதையின் தாடையெலும்பு. யாகேலுக்குக் கூடார முளையும் சுத்தியும். கிதியோனின் முந்நூறு பேருக்கு எக்காளமும் வெறும்பானையும் தீவட்டியும். அபிமெலேக்கின் மண்டையை உடைத்தது ஒரு பெண் மேலேயிருந்து போட்ட ஏந்திரக்கல். ஏகூத் மட்டும் ஒரு முழக் கத்தி செய்துகொண்டான், அதையும் வஸ்திரத்துக்குள் வலது தொடையில் மறைக்க வேண்டியிருந்தது. ஏன் இப்படி? 1 சாமுவேல் 13-இல் காரணம் இருக்கிறது. எபிரெயர் பட்டயமோ ஈட்டியோ செய்துவிடக் கூடாது என்று பெலிஸ்தர் கட்டுப்படுத்தி வைத்ததால், இஸ்ரவேல் தேசமெங்கும் ஒரு கொல்லன்கூட இல்லை. கொழுவோ கோடரியோ மழுங்கினால் பெலிஸ்தரிடம்தான் தீட்டப் போகவேண்டும். அது இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் காலம். சம்கார் காலத்திலும் அதே நிலைமை என்று கதைக்காக வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இரண்டு விஷயத்தில் உதவி வேண்டும். அவனுடைய பலம் எங்கிருந்து வருகிறது என்று காட்டுவது? அறுநூறு பேரை ஒரே நாளில் அடித்ததாக வரையலாமா, வருஷக்கணக்கில் நடந்ததாக வைக்கலாமா?

கன்மலை:

சிஸ்டர், நல்ல முயற்சி. "சூப்பர் பவர்" என்ற நினைப்பை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். சிம்சோன் கதையைப் பிள்ளைகள் பாதியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், முடியில் பலம், முடி போனால் பலம் போச்சு என்று. வேதத்தில் பல இடங்களில் கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்கின பிறகுதான் அந்தச் செய்கை வருகிறது. திம்னாத் திராட்சத்தோட்டத்தில் சிங்கத்தைக் கிழித்தபோதும் அப்படித்தான், லேகி என்ற இடத்தில் அவனைக் கட்டியிருந்த கயிறுகள் அறுந்தபோதும் அப்படித்தான். லேகியில் ஆயிரம் பேரைக் கொன்ற கையோடு, தாகத்தால் செத்துப்போவேனே என்று கூப்பிடுகிறான். ஆயிரம் பேரை வீழ்த்தியவன் ஒரு வாய்த் தண்ணீருக்குத் தவிக்கிறான். அதை வரையாமல் விட்டால் கதை வெறும் குஸ்தியாகிவிடும்.

சம்காருடைய வசனத்தில் ஆவி இறங்கியதாகச் சொல்லவில்லை. அதனால் நீங்களாக ஒரு ஒளியையோ மின்னலையோ வானத்திலிருந்து இறக்காதீர்கள். மாடு மேய்க்கிற ஒருவன் அன்றைக்கு ஓடாமல் நின்றான். அதுவே போதும்.

மண்மேடு:

டீச்சர், தாற்றுக்கோலைச் சின்னக் குச்சியாக வரைந்துவிடாதீர்கள். ஹென்றி மாண்ட்ரெல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1697-இல் அந்தப் பக்கம் பயணம் போனபோது உழவர்கள் கையில் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். நீளம் ஏறக்குறைய எட்டடி. ஒரு நுனியில் மாட்டைக் குத்தும் கூர்முனை, தடித்த மறு நுனியில் கலப்பையில் ஒட்டிய மண்ணைச் சுரண்ட இரும்புத் தகடு. சம்கார் பிடித்ததும் இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும் என்று அவரே யூகிக்கிறார். ஒரு பக்கம் ஈட்டி, மறுபக்கம் உளி. தெரிந்தவன் கையில் அது ஆயுதமேதான்.

நீங்கள் சொன்ன 1 சாமுவேல் 13-ஐ 21ஆம் வசனம்வரை படியுங்கள். தீட்ட வேண்டிய சாமான்களின் பட்டியலில் தாற்றுக்கோலும் இருக்கிறது. எபிரெய மூலத்தில் தீட்டுக்கூலி "பிம்" என்று வருகிறது. அந்தச் சொல் பொறித்த எடைக்கற்கள் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.8 கிராம். அந்த எடைக்கு வெள்ளி நிறுத்துக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் பெலிஸ்தரை அடித்த கோலைக் கூர்மையாக்கிக் கொடுத்தவனே ஒரு பெலிஸ்தக் கொல்லன்!

ஆனாத் என்பது கானானியர் வணங்கிய போர்த் தேவதையின் பெயர். பெத்லகேமுக்குப் பக்கத்தில் எல் காதர் என்ற இடத்தில் கிடைத்த கி.மு. 11ஆம் நூற்றாண்டு வெண்கல அம்புமுனை ஒன்றிலும் "ஆனாத்தின் மகன்" என்று இருக்கிறது. சம்கார் இஸ்ரவேலனே இல்லை என்று நினைக்கிற ஆய்வாளர்கள் உண்டு.

பெலிஸ்தரை வெறும் பூதங்களாக ஆக்கிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். எகிப்தில் மெதினத் ஹாபு கோயில் சுவரில் மூன்றாம் ராம்சேஸ் காலத்துப் போர்ச் சிற்பம் இருக்கிறது. இறகு செருகியதுபோல் நிமிர்ந்த தலைக்கவசம் போட்ட வீரர்கள், பக்கத்தில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிய மாட்டு வண்டிகள். அவர்களும் குடும்பத்தோடு பிழைக்க இடம் தேடி வந்தவர்கள். அஸ்கலோனில் அவர்களுடைய இடுகாடு கிடைத்த செய்தி 2016-இல் வெளியானது. சிலரைப் புதைக்கும்போது முகத்தருகே ஒரு சின்ன வாசனைத் தைலக் குப்பியை வைத்திருக்கிறார்கள்.

தூரிகை:

அக்கா, நான் படம் வரைகிறவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எட்டடிக் கோல் என்றதும் சண்டைக் களம் தானாக அமைந்துவிட்டது. வெட்டவெளியில் அறுநூறு பேர் சுற்றி வளைத்தால் யாராலும் நிற்க முடியாது, படிக்கிறவனும் நம்ப மாட்டான். பக்கவழி என்றீர்களே, அதையே எடுங்கள். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, நடுவில் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே வரமுடிகிற சந்து. பட்டயம் வைத்திருப்பவன் கை எட்டுவதற்குமுன் கோல் எட்டிவிடும். அந்த வழிகள் அவனுக்கு மனப்பாடம், பயந்து பயந்து நடந்தே பழகியவன். வந்தவர்களுக்குப் பெரிய சாலை மட்டும்தான் தெரியும்.

சிம்சோனை அடியோடு ஒதுக்காதீர்கள். கலிலேயாவில் ஹூக்கோக் என்ற ஊரின் ஐந்தாம் நூற்றாண்டு ஜெப ஆலயத் தரையில் அவனை மொசைக்கில் பதித்திருக்கிறார்கள், காசா பட்டணத்து வாசற்கதவைத் தோளில் தூக்கிப் போகிற மாதிரி. பக்கத்தில் இருக்கிற குதிரைவீரர்கள் பொம்மைபோலத் தெரிகிறார்கள். அந்தக் கதவை அவன் எப்ரோனுக்கு எதிரே இருக்கிற மலைக்குத் தூக்கிப் போனதாக வேதம் சொல்கிறது. காசாவிலிருந்து எப்ரோனுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அதுவும் கடலோரத்திலிருந்து 900 மீட்டருக்குமேல் ஏற்றம். 1500 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு கலைஞன் ஹீரோவை மற்றவர்களைவிடப் பலமடங்கு பெரிதாகப் போட்டிருக்கிறான். சம்காரை அதற்கு நேர்மாறாக, கூட்டத்தில் மற்றவர்கள் அளவிலேயே வரைய ஆசைப்படுகிறேன். முதல் பக்கங்களில் யார் ஹீரோ என்றே தெரியக்கூடாது.

கன்மலை:

மண்மேடு பிரதர் சொன்ன ஆனாத் விஷயத்தைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வீர்கள் சிஸ்டர்? வீட்டில் போய் "எங்கள் ஹீரோ அந்நிய தேவதையின் மகன்" என்று சொன்னால் பெற்றோர் வருத்தப்படுவார்கள்.

சண்டேஸ்கூல்_அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கன்மலை பிரதர், மறைக்க மாட்டேன், நேராகவே சொல்லப்போகிறேன். யாகேல் யார்? கேனியனான ஏபேரின் மனைவி. ராகாப் எரிகோக்காரி, ரூத் மோவாபிய ஸ்திரீ. வெளியே இருந்தவர்களைக் கர்த்தர் எடுத்துப் பயன்படுத்தியதைப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். வகுப்பில் யாரோடும் சேராமல் கடைசி பெஞ்சில் உட்காருகிற பையன் ஒருவன் இருக்கிறான். கோத்திரம் தெரியாத ஒருவனுக்கு வேதத்தில் இடம் கிடைத்தது என்பதை அவனுக்காகவாவது நான் சொல்லியாக வேண்டும். மின்னல் வேண்டாம் என்றீர்களே, அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பெரிய ஜெபமும் வைக்கப்போவதில்லை. கால் நடுங்குகிறது, கோலை இறுக்கிப் பிடிக்கிறான், அந்தக் கட்டத்தில் பேச்சே இல்லை.

அறுநூறு பேர் விஷயத்தில் ஒரே நாளை விட்டுவிட்டேன். தூரிகை தம்பி சொன்ன சந்துகளில், அறுப்புக்கு அறுப்பு தானியத்தைப் பிடுங்க வருகிற கூட்டங்களை அவன் பல வருஷம் மறித்து நிற்கிறான். கடைசிப் பக்கங்களில் பெரிய சாலையில் மறுபடியும் கழுதைகள் நடக்கும்.

தொடக்கம் கொல்லன் பட்டறையில். கொல்லன் கூர்முனையைத் தீட்டுகிறான், தராசின் ஒரு தட்டில் "பிம்" கல், மறு தட்டில் சம்கார் சில வெள்ளித் துண்டுகளை வைக்கிறான். இருவருக்கும் பல வருஷப் பழக்கம். மாடு சௌக்கியமா என்று கொல்லன் விசாரிக்கிறான். மண்மேடு சார், அந்தத் தைலக் குப்பியை வாசித்ததும் தோன்றியது, பட்டறையில் கொல்லனின் மகனும் துருத்தி ஊதிக்கொண்டு இருக்கட்டும். பின்னால் சந்துக்குள் வருகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். சம்கார் அவனை அடையாளம் கண்டுகொள்கிறான்.

தூரிகை தம்பி, அந்தப் பையனுக்கு என்ன வயசு வைக்கலாம்? பதினாறு என்றால் என் பிள்ளைகளுக்குத் தாங்குமா?