டீசல் ஜீப்பில் ஆல்டர்நேட்டரை மேலே ஏற்றணும். அதன் பின்னாடி ஒட்டியிருக்கிற, பிரேக்குக்கான வேக்கம் பம்புக்கு என்ன வழி?

ஒடுகத்தூர் வண்டி:
வணக்கம். பழைய டிஐ டீசல் ஜீப். ஏசி, பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து புளி, சாமை மூட்டை இறக்குற வண்டி. ஐப்பசி, கார்த்திகையில் காட்டாற்றைக் கடந்துதான் போகணும். பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஆல்டர்நேட்டர் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கு. சேற்றுத் தண்ணி ஏறி உள்ளே இருக்கிற கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயுது, பேரிங் இரையுது. ஹெட் பக்கம் காலி இடம் இருக்கு, 20 செ.மீ. உயர்த்தலாம். 8 மி.மீ. தகட்டில் பிராக்கெட் செய்தால் தாங்குமா? பெல்ட் அளவை எப்படி எடுக்கிறது?

காட்பாடி டீசல்:
தம்பி, பிராக்கெட் வெட்டுறதுக்கு முன்னாடி ஆயில் திரும்புற வழியைப் பாருங்க. ஆல்டர்நேட்டர் எங்கே உட்காரணும்னு முடிவு பண்றதே அதுதான்.

வேக்கம் பம்புக்கு ஆயில் மெல்லிசான பைப்பில் பிரஷரோட வருது. வெளியே போறது தடிமனான ஹோஸில், தானா வடிஞ்சு சம்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டி). பிரேக் பெடலை லேசாக்குற பூஸ்டரிலிருந்து பம்ப் உறிஞ்சின காற்றும் அதே ஹோஸ் வழியாத்தான் இறங்கணும். ஹோஸ் ஒரு இடத்தில் தொங்கி வளைஞ்சாலும் அங்கே ஆயில் தேங்கி காற்றை அடைக்கும். பம்புக்குள்ளே ஆயில் நிரம்பி, சீல் தள்ளி, ஆல்டர்நேட்டருக்குள்ளே இறங்கிடும். கார்பனும் காயிலும் ஆயிலில் நனைஞ்சா சார்ஜ் நின்னுடும். உயர்த்துறதால சரிவு கூடும், அது நல்லதுதான். ஆனா புது இடத்தில் போல்ட் போடுற காது பொருந்தணும்னு பாடியைத் திருப்பி வெச்சா, வடிகால் வாய் பக்கவாட்டிலோ மேலேயோ போயிடும். அது கீழே பார்த்தே இருக்கணும்.

திருப்பாமல் பொருந்தலைன்னா, நீள போல்ட்டுகளைக் கழற்றி முன் மூடியை மட்டும் அடுத்த துளைக்குத் திருப்பலாம். பின் மூடியும், உள்ளே காயில் சுற்றின ஸ்டேட்டரும் அசையக்கூடாது, அசைஞ்சா ஒயர் அறுந்துடும்.

ஆயில் வர்ற பைப்பை ரப்பர் டியூபும் கிளிப்பும் போட்டு நீட்டாதீங்க. பொக்லைனுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் பண்ற கடையில் ரெண்டு முனையும் பிரஸ் பண்ணி வாங்குங்க. செம்பு வாஷர் புதுசு போடுங்க. மாட்டும்போது பம்புக்குள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, புல்லியைக் கையால நாலு சுற்று சுற்றிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. காய்ஞ்சு ஓடினா உள்ளே இருக்கிற தகடு கீறிக்கும்.

ராணிப்பேட்டை லேத்:
8 மி.மீ. தகடு போதும், ஆனா ஒற்றைத் தகடாக நீட்டக்கூடாது. டீசல் அதிர்வில் வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் விடும். L வடிவம் செய்து, மூலையில் 6 மி.மீ. முக்கோணத் தாங்கல் ரெண்டு வையுங்க. கீழ் காதை ரெண்டு தகட்டுக்கு நடுவில் பிடிக்கணும். இடைவெளி மிச்சமிருந்தால் லேத்தில் கடைந்த புஷ் போடுங்க. போல்ட்டை இறுக்கி இழுத்து இடைவெளியை மூடினால் அலுமினியக் காது உடையும். போல்ட் 8.8 கிரேடு, பழைய துளைக்கு எந்த அளவோ அதே அளவு.

பிராக்கெட் பிளாக்கிலோ ஹெட்டிலோ ஏற்கெனவே இருக்கிற துளைகளில்தான் உட்காரணும். பாடித் தகட்டில் ஒரு கால்கூட வேண்டாம். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது, பெல்ட் தளர்ந்து தளர்ந்து இறுகும். வார்ப்பிரும்பு பிளாக் மேல வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க.

பானட் இடிக்குமான்னு பார்க்க, ஆல்டர்நேட்டர் மேல களிமண் உருண்டை வைத்து மூடித் திறங்க. நசுங்கின உருண்டையின் தடிமன் 25 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் சரி.

ஆம்பூர் ரவுண்ட்ஸ்:
ஆற்றுக்கு முன்னாடி பேன் பெல்ட்டைக் கழற்றிட்டுப் போயிடலாமே? பேன் தண்ணியை வாரி அடிக்காது. இவ்வளவு வேலை எதுக்கு?

காட்பாடி டீசல்:
இந்த வண்டியில் கூடாதுங்க. பெல்ட் போனா வேக்கம் பம்பும் நின்னுடும். பூஸ்டரில் மிச்சமிருக்கிற வேக்கம் ரெண்டு மூணு மிதிக்குத்தான். அப்புறம் பெடல் கல்லா இருக்கும். மூட்டையோட மலை இறக்கத்தில் அது உயிருக்கு ஆபத்து. பேன் அடிக்காம இருக்க, கிரில் முன்னாடி தார்ப்பாயைக் கட்டி, தண்ணிக்குள்ளே நிறுத்தாமல் மெதுவா ஒரே வேகத்தில் போங்க. கரை ஏறினதும் அவிழ்த்துடுங்க, இல்லன்னா இன்ஜின் சூடாகும்.

ராணிப்பேட்டை லேத்:
பெல்ட் அளவுக்கு: அதே அகல பழைய பெல்ட்டை வெட்டி, ஆல்டர்நேட்டரை, பெல்ட்டை இறுக்குற அட்ஜஸ்ட் பட்டையின் உள் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிறுத்தி, புல்லிகளைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் கோடு போடுங்க. நீளம் பத்தலைன்னா இன்னொரு துண்டைச் சேர்த்துக்குங்க. அந்தத் துண்டையே கடைக்கு எடுத்துட்டுப் போங்க. பெல்ட் மேல இருக்கிற எண் சிலதில் உள்நீளம், சிலதில் வெளிநீளம்.

பெல்ட் வாட்டர் பம்ப் புல்லியை முன்னைவிடக் குறைவாகத் தழுவுதான்னு கட்டாயம் பாருங்க. வழுக்கினால் சார்ஜும் குறையும், இன்ஜினும் கொதிக்கும். அப்படி இருந்தால் உயரத்தை 20லிருந்து 15 செ.மீ.க்குக் குறைப்பதே மேல். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கணும், நேர்ப்பட்டையில் 1 மி.மீ.க்கு மேல் விலகல் கூடாது. பெல்ட் ஓரத்தில் கறுப்புத் தூள் வந்தால் கோடு தப்பியிருக்கு.

ஒடுகத்தூர் வண்டி:
தெளிவாச்சுங்க அண்ணா. வடிகால் வாய் கீழே பார்க்கிற மாதிரி வெச்சா 17 செ.மீ. கிடைக்குது. பேட்டரி ஒயர் பத்தாது, ஒட்டுப் போடலாமா?

காட்பாடி டீசல்:
வேண்டாம். 16 சதுர மி.மீ. செம்பு ஒயர் ஒரே துண்டா, முனையில் லக் (போல்ட்டில் மாட்டுற வளையம்) பிரஸ் பண்ணி, ரப்பர் தொப்பியோட. ஒன்றரை மீட்டரில் 60 ஆம்பியர் ஓடினாலும் 0.1 வோல்ட்தான் குறையும். சைலன்சர் மேனிபோல்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. வேலையைத் தொடங்கும்போதே பேட்டரி நெகட்டிவைக் கழற்றிடுங்க.

முடிச்சதும் ஹெட்லைட் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து பேட்டரியில் அளந்தா 13.8 முதல் 14.4 வோல்ட் வரணும். மலைக்கு மூட்டை ஏற்றும் முன்னாடி ஊருக்குள்ளேயே ஓட்டி, பிரேக் பெடல், ஆயில் கசிவு, பிராக்கெட் போல்ட் மூணையும் பாருங்க. புது பெல்ட் முதல் 100 கிலோமீட்டருக்குள்ளே தளரும். பெரிய இடைவெளியில் கட்டைவிரலால் அழுத்தினா 10 மி.மீ. இறங்குற அளவுக்கு மறுபடி இறுக்குங்க.