பிளஸ் டூவில் 63 சதவீதம்தான்: கிளாட் எழுதி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர முடியுமா?

பொருநைக்கரை:
பிளஸ் டூவில் 600-க்கு 381. பத்தாம் வகுப்பில் 500-க்கு 287. கணிதம், உயிரியல் எடுத்த தமிழ்வழி மாணவன். சட்டம் படிக்கணும்னு இப்பத்தான் முடிவு பண்ணினேன். சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத்தேர்வான கிளாட்டுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. இந்த மார்க்கை வச்சுக்கிட்டு விண்ணப்பிச்சா தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் மதிப்பாங்களா? பத்தாம் வகுப்பு மார்க்கையும் பார்ப்பாங்களா? ஒரு வருஷம் இடைவெளி விழுறது குறையா? அப்பா சென்னையில் சீர்மிகு சட்டப் பள்ளிக்கு முயற்சி பண்ணச் சொல்றார். எது எனக்கு நடக்கும்?

சட்டப்புத்தகம்:
தம்பி, இது ரெண்டு வேற வேற வாசல். ஒண்ணுல உங்க மார்க் கிட்டத்தட்ட கணக்கிலேயே இல்ல. இன்னொண்ணுல மார்க்தான் எல்லாமே.

கிளாட்டுக்குப் பிளஸ் டூவில் 45 சதவீதம் போதும். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40. இது தகுதிக்கான வாசப்படி மட்டும்தான். அதைத் தாண்டிட்டா 63 எடுத்தவரும் 97 எடுத்தவரும் ஒரே கோட்டில்தான் நிக்கறாங்க. தரவரிசை முழுக்க தேர்வு மதிப்பெண்ணை வச்சே போடறாங்க. பிளஸ் டூ மார்க்கைச் சேர்க்கறதில்லை, நேர்காணலும் இல்லை. சமமான மதிப்பெண் வந்தாலும் பிளஸ் டூவைப் பார்க்கமாட்டாங்க. முதலில் சட்டப் பகுதியில் யார் கூட வாங்கினாங்கன்னு பார்ப்பாங்க, அப்புறம் வயசில் மூத்தவர், கடைசியா குலுக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பிறந்த தேதிக்குப் பயன்படும், அவ்வளவுதான். வயசு உச்சவரம்பு கிடையாது. அதனால இடைவெளி ஒரு குறையே இல்லை.

அப்பா சொல்ற சீர்மிகு சட்டப் பள்ளி, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோட நேரடிப் பள்ளி. அங்க ஐந்தாண்டு ஆனர்ஸ் படிப்புக்கு நுழைவுத்தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்தான் தரவரிசை. விண்ணப்பிக்கவே பொதுவா 70 சதவீதம் வேணும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 60. 63.5 வச்சுக்கிட்டு எஸ்சி, எஸ்டி அல்லாத பிரிவில் அந்தக் கதவைத் தட்டறது வீண். அதே பல்கலைக்கழகத்தோட இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளுக்கு (மதுரை, திருநெல்வேலி, கோவை, தர்மபுரி, விழுப்புரம் மாதிரி) தகுதி வரம்பு இதைவிடக் குறைவு. போட்டி மட்டும் அங்கயும் மார்க்கிலதான். நீங்க ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்சிருந்தா 7.5 சதவீத முன்னுரிமை சட்டப் படிப்புக்கும் உண்டு. 2021-இல் வந்த சட்டம் அது. அதை விட்டுடாதீங்க.

வாசிப்பவள்:
மார்க் பத்தின பயத்தை விடுங்க தம்பி. தமிழ்வழியில் படிச்சவங்களுக்கு உண்மையான தடை வேற இடத்தில் இருக்கு. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்குது, அது முழுக்க முழுக்கப் படிச்சுப் புரிஞ்சுக்கற தேர்வு.

120 கேள்வி, 120 நிமிஷம். 2023-க்கான தேர்வு வரைக்கும் 150 கேள்வி இருந்து, 2024-க்கான தேர்விலிருந்து 120 ஆச்சுன்னு நிறைய பேருக்குத் தெரியாது, பழைய புத்தகத்தை வாங்கி ஏமாறாதீங்க. சட்டமும் நடப்பு நிகழ்வு, பொது அறிவும் ஒவ்வொண்ணும் 28 முதல் 32 கேள்வி. ஆங்கிலமும் தர்க்கமும் 22 முதல் 26. கணக்கு 10 முதல் 14. ஒவ்வொரு பத்தியும் கிட்டத்தட்ட 450 சொல் வரை போகும், அதுக்குக் கீழே அஞ்சு கேள்வி அளவில் இருக்கும். மொத்தம் இருபத்தி நாலு பத்தின்னு வச்சுக்கிட்டா பத்தாயிரம் சொல்லுக்கு மேல.

இன்னிக்கே ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை எடுத்து, 450 சொல்லுக்கு நிமிஷம் பாருங்க. இரண்டே கால் நிமிஷத்தில் முடிஞ்சா நல்ல வேகம். நாலு நிமிஷம் ஆனா, படிக்கவே 96 நிமிஷம் போயிடும், பதில் யோசிக்க 24 நிமிஷம்தான் மிஞ்சும். பெரும்பாலானவங்க தோக்கறது இந்த இடத்தில்தான். சட்ட அறிவு போதாமல் தோக்கறவங்க ரொம்பக் கம்மி.

பயிற்சி சாதாரணமானதுதான், ஆனா நாள் தவறாம நடக்கணும். தினமும் ரெண்டு தலையங்கம், கடிகாரம் வச்சு. முதல் வாசிப்பில் அகராதியைத் திறக்காதீங்க. முடிச்சதும் எழுதினவர் என்ன சொல்றார், எதை மறுக்கறார்னு ஒரே வரியில் தமிழில் எழுதுங்க. தமிழில் எழுத முடியலன்னா புரியலன்னு அர்த்தம். ரெண்டாவது வாசிப்பில் தெரியாத சொற்களைப் பாருங்க. இதுல நடப்பு நிகழ்வும் பாதி கவர் ஆகிடும். பொது அறிவுப் பகுதியில் கேள்வியை முதலில் பாருங்க. விடை தெரிஞ்சா பத்தியைத் தொடாமலே போட்டுடலாம், அங்கே மிச்சமாகற பத்து நிமிஷம் சட்டத்துக்குப் போகும்.

சட்டப் பகுதிக்கு எந்தச் சட்டமும் மனப்பாடம் வேண்டாம். பத்தியில் ஒரு விதி இருக்கும், அதைக் கதையில் பொருத்தணும். 'நாய் முன்னமே கடிச்சது உரிமையாளருக்குத் தெரிஞ்சிருந்தா மட்டும் அவர் பொறுப்பு'ன்னு பத்தி சொல்லுது. கேள்வியில் நாய் முதல்முறையா கடிக்குது, குழந்தை ஆஸ்பத்திரியில கிடக்குது. மனசு உரிமையாளரைத் தண்டிக்கச் சொல்லும். பத்தியின்படி அவர் பொறுப்பில்லை. பதில் அதுதான். வெளியே படிச்ச சட்டத்தைக் கொண்டுவந்து போடறவங்களும் இதே குழியில்தான் விழறாங்க.

கணக்குப்பிள்ளை:
வாசிப்பவள் அக்கா சொன்னதோட ஒரு சின்னது. தவறான விடைக்கு கால் மதிப்பெண் போகும்னு பயந்து சந்தேகமான கேள்வியெல்லாம் விட்டுடறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு விடையில் ஒண்ணைக்கூட நீக்க முடியாம கண்ணை மூடிக் குத்தினா சராசரி லாபம் 0.06, ஒண்ணுமில்லை. ஒரு விடையை நீக்க முடிஞ்சா 0.17. ரெண்டை நீக்கிட்டா 0.375. அதனால ஒண்ணை உறுதியா நீக்கினா போட்டுடுங்க.

கணக்குப் பகுதியை 'பத்து மார்க்தானே'ன்னு கைவிடாதீங்க. சதவீதம், விகிதம், சராசரி, பரப்பளவு, எல்லாம் பத்தாம் வகுப்புத் தரம். கணிதம் படிச்ச உங்களுக்கு 12-க்கு 10 வாங்கறது சட்டப் பகுதியில் 10 கூட்டறதைவிட ரொம்ப சுலபம்.

மாதிரித் தேர்வு எத்தனை எழுதறீங்கங்கறது முக்கியமில்லை. ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் தப்பானதை மூணா பிரிங்க: தெரியாதது, அவசரத்தில் தப்பாப் படிச்சது, நேரம் பத்தாம விட்டது. மூணாவது குவியல் பெரிசா இருந்தா இன்னும் பாடம் படிச்சுப் பயனில்லை, வேகம்தான் வேணும். மாதிரித் தேர்வுகளையும் ஞாயிறு மதியம் ரெண்டு மணிக்கே, விடை வட்டத்தைக் கருக்கற ஓஎம்ஆர் தாளில் எழுதுங்க. நிஜத் தேர்வும் அந்த நேரத்தில்தான் நடக்கும். கடைசியில் மொத்தமா கருக்கலாம்னு விட்டா ஒரு வரிசை தவறி எல்லாமே மாறிப் போகும். பத்தி முடிய முடிய கருக்குங்க.

கோர்ட்_வராண்டா:
தேர்வைவிட காகிதத்தில்தான் நிறைய பேர் சீட்டைத் தவறவிடறாங்க. விண்ணப்பம் வழக்கமா ஜூலை, ஆகஸ்ட்டில் திறக்கும், தேர்வு டிசம்பர் முதல் ஞாயிறு. சமீப ஆண்டுகளில் கட்டணம் 4000 ரூபாய், எஸ்சி, எஸ்டி, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 3500.

பிசி, எம்பிசி சாதிச் சான்று வேற, மத்திய அரசுப் படிவத்திலான ஓபிசி நான் கிரீமி லேயர் சான்று (பிற்படுத்தப்பட்டவர்களில் வசதி வரம்பைத் தாண்டாதவங்களுக்கானது) வேற. கிளாட்டில் பல இடங்களில் ரெண்டாவதுதான் கேட்பாங்க. தாசில்தார் அலுவலகத்தில் வாங்க நாள் ஆகும், இ-சேவையில் இப்பவே போட்டுடுங்க. திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் இருக்கற தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இந்த மாநிலத்தவருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. விண்ணப்பத்தில் இருப்பிடம் கேட்கற இடத்தில் சரியா குறிக்கலைன்னா பின்னால கேட்டு வாங்கறது கஷ்டம். அகில இந்திய ரேங்க் சுமாரா இருந்தாலும் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க வாய்ப்பு கூட, அதனால திருச்சியை விருப்பப் பட்டியலில் எங்கே வைக்கறீங்கன்னு யோசிச்சு வைங்க.

கவுன்சலிங்கில் இடம் கிடைச்சதும் 'ஃப்ரீஸ்', 'ஃப்ளோட்', 'எக்ஸிட்'னு பொத்தான்கள் வரும். கிடைச்ச இடமே போதும்னா ஃப்ரீஸ். மேலே நகர வாய்ப்பு வேணும்னா ஃப்ளோட், ஆனா மேலே கிடைச்சா பழைய இடம் தானா போயிடும், திரும்ப வராது. அதனால போக விருப்பமில்லாத கல்லூரியைப் பட்டியலில் மேலே வைக்காதீங்க. எக்ஸிட் அமுத்தினாலும், எதையும் அமுத்தாம விட்டாலும் வெளியே. கவுன்சலிங் பதிவுக்கே சில பத்தாயிரம் முன்பணம் வேணும், வீட்டில் முன்னாடியே சொல்லி வைங்க. ஆண்டுக் கட்டணமும் லட்சங்களில்தான்.

கிளாட்டை மட்டும் நம்பி உட்காரவும் கூடாது. 2025 சேர்க்கைக்கு நடந்த தேர்வில் விடைக்குறிப்பு தப்புன்னு போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் கவுன்சலிங் மாசக்கணக்கில் தள்ளிப் போச்சு. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் இல்லை, அதோட ஐலெட் தேர்வும் டிசம்பரிலேயே வரும். அங்க 150 கேள்விக்கு அதே ரெண்டு மணி நேரம், அதில் 70 தர்க்கம். மேல கணக்குப்பிள்ளை சொன்ன, நேரம் பத்தாம விட்ட குவியல் பெரிசா இருந்தா அது உங்களுக்குத் தோதுப்படாது. மே மாசம் அரசு சட்டக் கல்லூரி விண்ணப்பத்தையும் போட்டு வைங்க.

பொருநைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. இப்ப ஒரு தலையங்கம் படிச்சுப் பார்த்தேன், 450 சொல்லுக்கு மூணே முக்கால் நிமிஷம். ஆறு மாசத்தில் குறைக்க முடியுமா? எதுவும் அமையலன்னா பட்டம் முடிச்சு மூணு வருஷ எல்எல்பி போகலாமா?

வாசிப்பவள்:
மூணே முக்கால் ஒண்ணும் மோசமில்லை. முதல் மாசம் வேகத்தைப் பார்க்காதீங்க, பத்தி புரியுதான்னு மட்டும் பாருங்க. ரெண்டாவது மாசத்திலிருந்து பதினஞ்சு நாளுக்கு ஒருமுறை அஞ்சு நொடி குறைக்கற மாதிரி கடிகாரத்தை வைங்க, டிசம்பருக்குள்ள ரெண்டே முக்கால், மூணு நிமிஷத்துக்கு வந்துடும். வேகம் கூடி, ஒரு வரிச் சுருக்கம் தப்பானா பழைய நேரத்துக்குத் திரும்புங்க.

சட்டப்புத்தகம்:
மூணு வருஷப் படிப்பு நல்ல வழிதான். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் உண்டு. டெல்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புகளுக்கான கியூட் பொது நுழைவுத்தேர்வு மூலம் சேரலாம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியும் தனித் தேர்வு வச்சு மூணு வருஷ எல்எல்பி நடத்துது. பட்டத்தில் 45 சதவீதத்துக்குக் கீழே போகாம பார்த்துக்குங்க, டெல்லி மாதிரி சில இடங்களில் அதைவிடக் கூடவே கேட்பாங்க. பிளஸ் டூ அல்லது அடிப்படைப் படிப்பு இல்லாம திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரா வாங்கின பட்டத்தை பார் கவுன்சில் (வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தற அமைப்பு) விதிகள் ஏத்துக்கறதில்லை. உங்களுக்கு பிளஸ் டூ இருக்கறதால அந்தச் சிக்கல் இல்லை.