குரோட்டன்ஸ் விண்பதியம்: புதுவை, கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியவை

லாஸ்பேட்டை மாடித்தோட்டம்:
நம் கடற்காற்றில் குரோட்டன்ஸுக்குக் குச்சி நடுவதைவிட விண்பதியம் (கிளையைச் செடியிலிருந்து வெட்டாமலே வேர்விட வைப்பது) நம்பகமானது. வேர் வரும்வரை கிளைக்குத் தாய்ச்செடியே தண்ணீர் கொடுக்கும். ஆடி, ஆவணியில் கட்டினால் மழைக்காலத்தில் பிரித்து நடலாம்.

பென்சில் தடிமன் கிளையில், நுனியிலிருந்து ஓர் அடி கீழே, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்துவிடுங்கள். வடியும் பாலைத் துடைத்துவிட்டு, உள்ளே வழவழப்பாக ஒட்டியிருக்கும் படலத்தைக் கத்தி முதுகால் கட்டை தெரியும்வரை சுரண்ட வேண்டும். பெரும்பாலான பதியங்கள் தவறுவது இங்கேதான். படலம் மிச்சமிருந்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் இறங்காது. மேல் விளிம்பில் வேர்விடத் தூண்டும் பவுடர் தடவி, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் ஒரு கைப்பிடி தென்னை நார்க்கழிவு வைத்து, பாலிதீன் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வேர் வெளியே தெரியும்.

தேவனாம்பட்டினம் செடிகள்:
அண்ணா, நார்க்கழிவைப் பற்றி ஒன்று சேர்க்கணும். கட்டியாக வருவதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் கட்டணும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி மண்மேல் வெள்ளையாகப் பூக்கும், இலை ஓரம் கருகும், அடி இலைகள் உதிரும். உரக்குறை என்று நினைத்து உரம் போட்டால் உப்பு இன்னும் ஏறும். தொட்டி கொள்ளும் அளவுக்கு இரண்டு மடங்கு மழைத்தண்ணீர் மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். கீழே தட்டு வைக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 தானே புயல் மாதிரி காற்று அடித்தால், ஓய்ந்ததும் முதல் வேலையாக இலைகளை நல்ல தண்ணீரால் கழுவணும்.

திண்டிவனம் ரோடு நர்சரி:
மொலுக்கா தீவுகளும் மேற்குப் பசிபிக் தீவுகளும் குரோட்டன்ஸின் பூர்விகம். ஈரக்காற்று, நல்ல வெளிச்சம் இரண்டும் வேண்டும். நிழலில் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும். சித்திரை உச்சி வெயிலில் இலை வெந்துபோகும். காலை பத்து, பதினொரு மணிவரை வெயில் விழும் கிழக்குப் பக்கம் அருமை. இடம் மாற்றினால் இலை கொட்டும். பயந்து தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் இலையடியில் அடிக்கணும். செடியின் பால் துணியில் கறையாகும், தோலிலும் அரிக்கும். குழந்தைகள் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலியார்பேட்டை:
அக்கா, பிரித்து நட்டதும் இலை தொங்குதே?

திண்டிவனம் ரோடு நர்சரி:
ரெண்டு மூணு வேர் தெரிந்ததுமே வெட்டினால் அப்படித்தான் ஆகும்மா. சுற்றிலும் வேர் நிறைந்து, பழுப்பேறத் தொடங்கணும். இப்போதைக்குப் பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, இரண்டு வாரம் நிழலில் வைங்க. பாலிதீனை எடுக்கும்போது வேர் உருண்டையை உதிர்த்துடாதீங்க.