பாய் ஷோ பலகையில் இசைவு வளையம் மூடாமலே போவது ஏன்?

மறையூர் படிப்பகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் படிப்பகத்துக்குச் சனிக்கிழமைகளில் வரும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சதுரங்கமும் கேரமும் அலுத்துப்போனதால், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் இணையத்தில் விதிகளைப் பார்த்து, உள்ளூர்த் தச்சரிடம் வட்டப் பலகையும் மரக்காய்களும் செய்து கொண்டுவந்தார். ஓர் அமெரிக்க அனிமேஷன் தொடரில் பெயரளவில் வந்து போன பாய் ஷோ என்னும் விளையாட்டுக்கு, அதன் ரசிகர்கள் பின்னாளில் முழு விதிகளை வகுத்தார்கள் அல்லவா, அவற்றுள் ஸ்கட் பாய் ஷோ எனப்படும் வகை இது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலகையின் நான்கு திசைகளிலும் வாயில்கள் இருக்கின்றன. நடுவில் சிவப்புத் தோட்டங்களும் வெள்ளைத் தோட்டங்களும், வெளியே பொது நிலமும் உள்ளன. ரோஜா, செவ்வந்தி, காட்டுப்பூவரசு ஆகியவை சிவப்பு. மல்லிகை, லில்லி, ஒயிட் ஜேட் ஆகியவை வெள்ளை. ஒவ்வொரு வகையிலும் ஒருவருக்கு மூன்று காய்கள். நிறத்துக்குள் இதே வரிசையில் அவை முறையே மூன்று, நான்கு, ஐந்து புள்ளிகள் வரை நகரும். சிவப்புப் பூ வெள்ளைத் தோட்டத்திலோ வெள்ளைப் பூ சிவப்புத் தோட்டத்திலோ தங்கக் கூடாது. நான் சொன்ன வரிசையை வட்டமாக எண்ணிக்கொண்டால், அடுத்தடுத்த இரு பூக்கள் இடையில் தடையின்றி ஒரே கோட்டில் நிற்கும்போது அவற்றுக்குள் இசைவு உண்டாகிறது. அந்த இசைவுகளால் நடுப்புள்ளியைச் சுற்றி முதலில் வளையம் அமைப்பவர் வெல்வார்.

எங்கள் சிக்கல் என்னவென்றால், எவரும் வளையத்தை மூடுவதே இல்லை. பிள்ளைகள் எதிராளியின் பூவை வெட்டுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். பூக்கள் தீர்ந்து ஆட்டம் முடிந்துவிடுகிறது. பூக்கள் அல்லாத பாறை, படகு, சக்கரம், களை ஆகிய துணைக்காய்களை எடுத்துவிட்டால் ஆட்டம் எளிதாகுமா?

மூணாறு மேட்டுவாசி எழுதியது:

தோழருக்கு வணக்கம். ரோடோடென்ட்ரானைக் காட்டுப்பூவரசு என்று எழுதியதற்கு முதலில் நன்றி. ராஜமலைச் சரிவில் அது சிவந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காய் உடனே மனத்தில் பதியும்.

வளையம் என்றதும் ஆறு வகைப் பூக்களும் அதில் இருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், உங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்பது என் ஊகம். விதி அவ்வாறு கேட்கவில்லை. நடுப்புள்ளியை உள்ளடக்கிய ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில் ரோஜா, செவ்வந்தி, ரோஜா, செவ்வந்தி என்று மாற்றி மாற்றி வைத்தாலே வளையம் முடிந்துவிடும். எதிரெதிர் மூலைகள் ஒரே கோட்டில் வராததால் ஒரே வகைப் பூ இருமுறை வருவதால் குறையில்லை. நிறத்தடை தோட்டங்களுக்குள் மட்டுமே என்பதால், மூலைகளைப் பொது நிலத்தில் வைத்துக்கொண்டால் ஒரே நிறப் பூக்களே போதும். செவ்வகம் பெரிதாக ஆக, இடையில் எதிராளி நுழையும் வாய்ப்பும் பெருகும் என்பதுதான் அதற்கான விலை.

வெட்டும் மோகத்துக்கு மருந்து, நகர்வின் பயனைக் கணக்கிடப் பழக்குவதுதான். ஒரு பூவை நகர்த்திப் புதிய இசைவை உண்டாக்கியவருக்கு, அந்த முறை ஆடும்போதே ஒரு துணைக்காயை வைக்கவோ, நீங்கள் சொன்ன ஆறு வகையிலும் சேராத ஒரு சிறப்புப் பூவை வாயிலில் நடவோ (அதாவது வைக்கவோ) உரிமை கிடைக்கிறது. வெறுமனே வெட்டியவருக்கு அது கிடைப்பதில்லை. வெட்டிக்கொண்டே இருப்பவர் உண்மையில் பின்தங்கிக்கொண்டிருக்கிறார் என்பதைப் பலகையில் காட்டினால் போதும், சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. ஒன்றுக்கொன்று பகையான பூக்கள் (ரோஜாவுக்கு மல்லிகை, செவ்வந்திக்கு லில்லி, காட்டுப்பூவரசுக்கு ஒயிட் ஜேட்) யாருடையவையாக இருந்தாலும், நேர்க்கோட்டில் ஒன்றையொன்று பார்க்கும்படி எந்தக் காயையும் நகர்த்தக் கூடாது. ஆகவே உங்கள் மல்லிகை ஒரு கோட்டில் நின்றாலே, அதன் பார்வை படும் இடங்களில் எந்த ரோஜாவும் வந்து நிற்க முடியாது. வர வேண்டுமானால் மல்லிகையையே வெட்டியாக வேண்டும். வெட்டாமலே காவல் காக்கும் இந்த உத்தியை நான் வெட்டுவதைவிட உயர்வாக மதிக்கிறேன்.

செங்கோட்டை எல்லைக்காரன் எழுதியது:

மேட்டுவாசி சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பூக்கள் தீர்ந்து முடியும் ஆட்டத்தைக் குறையுள்ள ஆட்டமாகக் கருதுவது சரியன்று. ஒருவர் தம் கடைசி அடிப்படைப் பூவை, அதாவது அந்த ஆறு வகைப் பூக்களில் எஞ்சிய கடைசிக் காயை, நட்டுவிட்டால், பலகையை நெடுக்கிலும் குறுக்கிலும் பிரிக்கும் நடுக்கோடுகளைக் கடக்கும் இசைவுகள் யாருக்கு அதிகமோ அவரே வெற்றி பெறுவார் என்று விதியே வழி வகுத்திருக்கிறது. உங்கள் படிப்பகத்தில் எல்லா இசைவுகளையும் சேர்த்து எண்ணுகிறார்களா என்று பாருங்கள் ஐயா. கடக்கும் இசைவுகளை மட்டும் எண்ணத் தொடங்கினால் பிள்ளைகள் ஓரத்தை விட்டுத் தாமாகவே நடுவுக்கு வருவார்கள். வளையமும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

துணைக்காய்களை முழுவதும் நீக்க வேண்டாம். ஆடுபுலி ஆட்டத்தில் இரு தரப்பும் வேறு வேறு என்பதால் அந்த வேறுபாடே சுவை தந்துவிடுகிறது; இங்கே இருவருக்கும் ஒரே பூக்கள், எதிரெதிர் வாயில்களில் ஒரே பூவோடு தொடக்கம், ஆகையால் துணைக்காய்கள் இல்லாவிட்டால் ஆட்டம் சவசவவென்று ஆகிவிடும். முதலில் பாறையையும் படகையும் மட்டும் கொடுங்கள். பாறை தன் நெடுக்கிலும் குறுக்கிலும் உள்ள இசைவுகளைக் கெடுக்கும். படகு அந்தப் பாறையை அகற்றித் தானும் பலகையை விட்டுப் போகும், அல்லது ஒரு பூவை ஓரிடம் தள்ளி வைக்கும். நோயும் மருந்தும் சேர்ந்தே வருவதால் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். சுற்றியுள்ள காய்களையெல்லாம் சுழற்றும் சக்கரத்தையும், அக்கம்பக்கத்துப் பூக்களின் இசைவை உறிஞ்சும் களையையும் பிறகு சேர்க்கலாம்.

மறையூர் படிப்பகம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. எல்லா இசைவுகளையும்தான் எண்ணி வந்திருக்கிறார்கள்; வரும் சனிக்கிழமை முதல் நடுக்கோட்டுக் கணக்குதான். வாயிலில் நட்ட பூவையும் சிலர் வெட்டுகிறார்களே, அது செல்லுமா?

மூணாறு மேட்டுவாசி எழுதியது:

செல்லாது. வாயிலில் இருக்கும் வரை அது வளரும் பூ. அதை வெட்டவும் முடியாது, அதற்கு இசைவும் கிடையாது. வாயிலை விட்டு நகர்ந்த பிறகே அது மலர்ந்ததாகக் கொள்ளப்படும்.