சிறிய இணையதளத்தைத் தானாக ஏற்றும் ஏற்பாடு: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

எங்கள் வாசகர் வட்டத்தின் தளம் ஹியூகோவில் உருவானது; எழுதிய பதிவுகளை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் மென்பொருள் அது. கூட்ட அறிவிப்புகள், நூல் அறிமுகங்கள், கொஞ்சம் படங்கள், அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒருவருடைய மடிக்கணினியில் பக்கங்களை உருவாக்கி எஃப்டிபி (கோப்புகளை சர்வருக்கு அனுப்பும் முறை) வழியாக ஏற்றுவோம். அவர் ஊருக்குப் போய்விட்டால் அறிவிப்பும் காத்துக்கிடக்கும். இப்போது கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் அந்த வேலையைச் செய்கிறது. கிட்ஹப்பில் உள்ள எங்கள் கோப்புகளின் மெயின் கிளையில் (முதன்மைப் பிரதியில்) மாற்றம் விழுந்ததும் புதிய லினக்ஸ் இயந்திரம் ஒன்று எழும்பி, ஹியூகோவை நிறுவி, பக்கங்களை உருவாக்கி, தளங்களை வெளியிடும் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஏற்றிவிடுகிறது. செயலாளர் அம்மா கைப்பேசியிலேயே அறிவிப்பு எழுதுகிறார். இந்த ஒன்றுக்காகவே இதைச் செய்யலாம்.

ஒரு நாள் காலை பத்து மணி சுமாருக்கு அவரிடமிருந்து அழைப்பு. "தம்பி, பச்சை டிக் விழுந்துவிட்டது, அறிவிப்பை மட்டும் காணவில்லை!" ஓட்டத்தின் பதிவேடான லாகில் ஒரு பிழைகூட இல்லை. பதிவின் தலைப்பகுதியைப் பார்த்தேன்: அன்றைய தேதி, நேரம் 09:00. நேர மண்டலம் குறிக்காவிட்டால் ஹியூகோ அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்றே எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் பிற்பகல் 2.30. இன்னும் வராத நேரம் போட்ட பக்கத்தை அது உருவாக்காமல் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்ததும் அறிவிப்பு வந்துவிட்டது. ஏற்றுவதற்கு முன் புதிய பதிவுக்குரிய பக்கம், ஹியூகோ பக்கங்களை எழுதிவைக்கும் பப்ளிக் கோப்புறையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு கட்டத்தையும் சேர்த்திருக்கிறோம். இல்லையென்றால் ஓட்டம் அங்கேயே நின்று சிவப்பு காட்டும். ஹியூகோ பயன்படுத்துவோர் எல்லோரும் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

மறுமொழி 1

எங்களுக்குப் படங்களால் வந்த தொல்லை, ஐயா. விண்டோஸில் எல்லாப் படமும் தெரிந்தது. ஏறிய தளத்தில் பாதி இல்லை. கேமரா கோப்புப் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் வைத்திருந்தது, பக்கத்தில் சிறிய எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. சாதாரணமாகப் பெயரை மாற்றினால், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருள் விண்டோஸில் அதைக் கண்டுகொள்ளாது. "கிட் எம்வி" கட்டளையால் மாற்றுங்கள்.

மறுமொழி 2

சொந்த சர்வரில் ஏற்றுவோருக்கு: கோப்புறைகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கட்டளையில் டெலீட் விருப்பம் இருந்தால், உங்கள் கோப்புறையில் இல்லாத எதையும் சர்வரில் ஏற்றும் கோப்புறையிலிருந்து அழித்துவிடும். அந்தக் கோப்புறைக்குள் நேரடியாக சர்வரில் போட்டிருந்த பழைய மலர்களின் பிடிஎஃப் கோப்புகள் எங்களுக்கு அப்படித்தான் போயின. காப்பு நகலிலிருந்து மீட்டோம். முதலில் ட்ரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) கொடுத்து எது எது அழியும் என்று படித்துவிடுங்கள். பிடிஎஃப் கோப்புகள் உள்ள கோப்புறையை எக்ஸ்க்ளூட் (விலக்கு) விருப்பத்தில் சேர்த்துவிட்டால் ஆர்சிங்க் அதைத் தொடாது.